மாடத்துத் துளசி வாடுவது ஏன்?

ஆடி பிறந்துவிட்டால் அன்பர்களின் உள்ளம் ஸ்ரீவில்லிபுத்தூரை நோக்கித் திரும்பும். பதினோரு நிலைகளோடு விண்ணளாவி நிற்கும் ராஜகோபுரமும், ஆடிப் பூரத் திருநாளில் அசைந்து வரும் பெருந்தேரும் கண்முன் தோன்றும். ஆயினும் அந்தத் திவ்ய தேசத்தின் உயிர்நிலை கோபுரத்திலோ தேரிலோ இல்லை. வடபத்ரசாயிப் பெருமாள் கோயிலுக்கும் ஆண்டாள் கோயிலுக்கும் இடையே அமைந்த நந்தவனத்தில், ஒரு துளசிச் செடியின் அடியில் இருக்கிறது அது.

விஷ்ணுசித்தர் என்னும் திருநாமம் கொண்ட பெரியாழ்வார், எம்பெருமானுக்கு எத்தனையோ வகைத் தொண்டுகள் இருக்க, பூந்தோட்டம் அமைத்து மாலை கட்டிச் சாற்றுவதையே தம் கடமையாகத் தேர்ந்துகொண்டார். மதுரையில் பாண்டியன் வல்லபதேவனின் அவையில் பரதத்துவத்தை நிலைநாட்டிப் பொற்கிழி பெற்றவர். யானை மீது ஊர்வலம் வந்தவர். அத்தனை பெருமைக்குப் பிறகும் அவர் திரும்பி வந்தது பூக்குடலைக்கும் மண்வெட்டிக்கும்தான். அவ்வாறு நந்தவனத்து மண்ணைக் கொத்திக்கொண்டிருந்த ஒரு நாளில், துளசியின் அடியில் பெண்மகவாகக் கோதையைக் கண்டெடுத்தார் என்று குருபரம்பரை வரலாறு கூறுகிறது. பூமிப் பிராட்டியின் அவதாரம் என்று போற்றப்படும் ஆண்டாள், மண்ணைக் கொத்தியவருக்குக் கிடைத்தாள். துளசியை வலம் வந்ததோடு நின்றவருக்கு அல்ல. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஒரு கடிதம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ராஜபாளையத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றனவாம். அந்தத் திருமணத்தை ஒட்டி வீட்டைப் புதுப்பித்தபோது, முற்றத்தில் சிமென்டால் அழகிய துளசி மாடம் ஒன்று கட்டி, வண்ண ஓடுகள் பதித்தார்களாம். அதில் இதுவரை மூன்று துளசிகள் வைத்தாயிற்று. மூன்றும் சில மாதங்களுக்குள் பட்டுப்போயின. "நான் வந்த பிறகுதான் இப்படி ஆகிறது என்று உறவினர்கள் பேசுகிறார்கள். மாமியார் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அச்சமாக இருக்கிறது. என் கைராசி அவ்வளவு கெட்டதா?" என்று கேட்டிருக்கிறார்.

கடிதத்தை இருமுறை படித்தோம். விடை அந்தக் கடிதத்திலேயே இருந்தது. "எங்கள் வீட்டில் துளசி பூஜைக்குக் குறைவே இல்லை, மாமியார், பெரிய மாமியார், நான் ஆகிய மூவரும் தினமும் நீராடியவுடன் ஆளுக்கு ஒரு செம்பு தீர்த்தம் விடுகிறோம்" என்று ஓர் இடத்தில் குறிப்பிட்டிருக்கிறார். ஓர் அடி அகலமுள்ள மாடம். அடியில் நீர் வடியத் துளை இருப்பதாகத் தெரியவில்லை. அதில் நாள்தோறும் மூன்று செம்பு நீர். அந்தத் துளசியை வாட்டியது மருமகளின் கைராசி அன்று; மூவரின் பக்தி.

துளசி வாடினால் குடும்பத்துக்கு ஆகாது என்ற அச்சம் பல வீடுகளில் உண்டு. அந்த அச்சம் பெரும்பாலும் வீட்டிற்குப் புதிதாக வந்த பெண்ணின் தலையில் வந்து விழுகிறது. ஒப்பற்றவள் என்று பொருள்படும் திருநாமத்தை உடைய துளசித் தாயார், தன்னை நீராட்டிய ஒரு பெண்ணுக்குப் பழி தேடித் தருவாளா? வாடுதல் சாபம் அன்று. வேர் அழுகுகிறது, வெயில் போதவில்லை, முதுமை வந்துவிட்டது என்று செடி நமக்குச் சொல்லும் செய்தி அது. அந்தச் செய்தியைப் படிக்கத் தெரிந்துகொள்வதும் பூஜையின் ஒரு பகுதியே.

மாடம் என்னும் வீடு

துளசியின் வேர் ஈரத்தை விரும்பும்; தேங்கிய நீரை விரும்பாது. மண்ணிலுள்ள சிறு இடைவெளிகளில் காற்று இருந்தால்தான் வேர் மூச்சுவிட முடியும். நீர் வடியாமல் நின்றால் அந்த இடைவெளிகள் அடைபட்டு வேர் கறுத்து அழுகும். அப்போது இலைகள் மஞ்சளாகித் தொங்கும். நீர் போதவில்லை என்று எண்ணி நாம் இன்னும் ஒரு செம்பு ஊற்றுவோம். பெரும்பாலான மாடத்துத் துளசிகளின் முடிவு இதுதான்.

ஆகவே மாடம் கட்டுவோர் முதலில் கவனிக்க வேண்டியது அடித்துளை. கட்டி முடித்த மாடமாயின், பக்கவாட்டில் அடிமட்டத்தை ஒட்டி விரல் நுழையும் அளவில் இரண்டு துளைகள் இடச் சொல்லலாம். அதுவும் இயலாதெனில், துளையுள்ள மண்தொட்டி ஒன்றில் துளசியை வளர்த்து, அந்தத் தொட்டியை மாடத்தினுள் ஒரு செங்கல்லின் மேல் எழுந்தருளச் செய்யலாம். செடிக்கு நோய் வந்தால் வெளியே எடுத்துப் பேணவும் இது வசதி. வாய் பத்துப் பன்னிரண்டு அங்குல அகலமும், அதே அளவு ஆழமும் உள்ள தொட்டி போதும். துளையின் மேல் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றை வைத்தால் நீர் வெளியேறும், மண் வெளியேறாது.

புதிய சிமென்ட் மாடத்தில் உடனே செடி நடுவது தவறு. சிமென்டிலுள்ள காரத்தன்மை நீரில் கரைந்து மண்ணில் இறங்கும். இளவேர் அதைத் தாங்காது. ஒரு வார காலமாவது நீர் நிரப்பி, தினமும் அதை வெளியேற்றி, பிறகே மண் நிரப்ப வேண்டும்.

மண்ணைப் பொறுத்தவரை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதி அன்பர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் செம்மண்ணும், கிழக்கே செல்லச் செல்லக் கரிசலும் மிகுந்த நிலப்பகுதி இது. கரிசல் பருத்திக்கு உகந்தது. ஆனால் தொட்டியில் நிரப்பினால் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். எனவே துளசிக்குச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு என்று கலந்து கொள்வது நல்லது. மணல் கிடைக்காதவர்கள், ஊறவைத்துக் கழுவிய தென்னை நார்க்கழிவைச் சேர்க்கலாம். மக்காத சாணத்தை இடலாகாது. அதன் சூடு வேரைக் கருக்கும்.

தீர்த்தம் எவ்வளவு?

"அப்படியானால் நாங்கள் மூவரும் தீர்த்தம் விடக் கூடாதா?" என்று கேட்கலாம். தாராளமாக விடலாம், செம்புக்குப் பதிலாக உத்தரணியால் விடுங்கள். பெருமாளுக்கு அர்க்கியம், பாத்தியம், ஆசமனீயம் யாவும் உத்தரணி அளவில்தானே சமர்ப்பிக்கிறோம்? துளசிக்கும் அந்த அளவே உபசாரம். செடிக்கு வேண்டிய நீரை வீட்டில் ஒருவர் பொறுப்பேற்று, மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்ற வேண்டும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் செலுத்திப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அன்று உத்தரணித் தீர்த்தம் போதும். உலர்ந்திருந்தால், அடித்துளை வழியே நீர் கசியும் வரை நன்றாக ஊற்றுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் தினமும் தேவைப்படும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பல நாள் தேவையே இருக்காது.

பால், மஞ்சள் நீர், சர்க்கரை கலந்த அபிஷேகத் தீர்த்தம் முதலியவற்றைத் துளசியின் அடியில் ஊற்றும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அவை எறும்பையும் பூஞ்சணத்தையும் வரவழைக்கும். அத்தீர்த்தத்தைத் தென்னை, மா முதலிய பெரிய மரங்களின் அடியில் சேர்த்துவிடலாம். மஞ்சளும் குங்குமமும் மாடத்தின் சுவரில் இடுவதற்கு உரியவை. செடியின் தண்டிலும் மண்ணிலும் தூவ வேண்டியதில்லை. இன்றைய குங்குமத்தில் என்ன சாயம் கலந்திருக்கிறது என்பதை நாம் அறியோம்.

விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய மாடங்களில் அகல் வைப்பதற்கென்றே கீழே ஒரு பிறை இருக்கும். சுடர் செடியைத் தீண்டாது. இப்போது தொட்டியின் விளிம்பிலேயே அகலை வைத்துவிடுகிறோம். மாலைதோறும் அந்த வெப்பம் பட்டு ஒரு பக்கத்து இலைகள் கருகுகின்றன. சிந்திய எண்ணெய் மண்ணை மூடுகிறது. செடியிலிருந்து ஒரு முழமாவது தள்ளி, தனிப் பீடத்தில் விளக்கை ஏற்றுங்கள். அகல் தள்ளியிருப்பதால் பூஜைக்கு யாதொரு குறையும் நேராது.

வெயிலும் காற்றும்

நாள்தோறும் ஐந்தாறு மணி நேரமாவது வெயில் படாத இடத்தில் துளசி கொழிக்காது. நிழலில் வைத்தால் தண்டு நீண்டு மெலிந்து, இலை வெளுத்து, மணமும் குறையும். முற்றம் இருந்த காலத்தில் இந்தக் கவலை இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்போர் கிழக்கு நோக்கிய பால்கனியைத் துளசிக்கு ஒதுக்கலாம். மொட்டைமாடியில் வைப்போர், கோடையில் தளத்தின் சூடு தொட்டியைச் சுடாதபடி செங்கல்லின் மேல் வைத்து, பிற்பகலில் மட்டும் மெல்லிய நிழல் தர வேண்டும்.

மலையடிவார ஊர்களுக்கு இன்னொரு சோதனை ஆடிக்காற்று. மலைக்கு அப்பால் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை பொழியும் நாள்களில், இப்பால் நமக்குப் பெரும்பாலும் காற்றே வந்து சேரும். அந்தக் காற்று மண்ணின் ஈரத்தை விரைவில் உறிஞ்சி, இளந்தண்டை முறிக்கும். ஆடி, ஆவணியில் செடிக்கு அருகே ஒரு குச்சியை ஊன்றி, நூலால் தளர்வாகக் கட்டி வைப்பது நலம்.

பனி உறையும் நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் நிலை வேறு. துளசி வெப்ப நாட்டுச் செடி. உறைபனி ஓர் இரவு தீண்டினாலே கருகிவிடும். அவர்கள் இலையுதிர் காலத்திலேயே தொட்டியை வீட்டினுள் கொணர்ந்து, தெற்கு நோக்கிய சாளரத்தருகே வைத்து, நீரைக் குறைத்துக் காக்கிறார்கள். அங்கே ஒரு துளசி குளிர்காலத்தைக் கடப்பதே ஒரு நோன்பு.

கிள்ளுவது பாவமா?

அளவுக்கு மீறிய அன்பால் வாடும் துளசிகளைப் பற்றிச் சொன்னோம். அளவுக்கு மீறிய தயக்கத்தால் வாடும் துளசிகளும் உண்டு. "தெய்வச் செடி, கை வைக்கலாகாது" என்று ஒரு தளமும் பறிக்காமல் விட்டுவிடுவார்கள். செடி கதிர்விட்டு, பூத்து, விதை முற்றும். விதை முற்றியதும் தன் கடமை முடிந்ததென்று அது ஓயத் தொடங்கும். தண்டு கட்டையாகும், இலை சிறுக்கும், ஓராண்டுக்குள் வெறுங்குச்சி நிற்கும்.

இங்கேதான் நம் முன்னோர் வகுத்த அர்ச்சனை முறையின் அழகு புலப்படுகிறது. இலையைத் தனியே உருவாமல், நுனிக் கொழுந்தோடு கூடிய தளமாகவும், இளங்கதிராகிய மஞ்சரியோடும் எம்பெருமானுக்குச் சமர்ப்பிப்பதை மரபு சிறப்பாகக் கொள்கிறது. தோட்டக்கலை வல்லுநரைக் கேட்டால் அவரும் அதையே சொல்வார்: துளசியின் நுனியையும் கதிரையும் கிள்ளிக்கொண்டே இருங்கள். நுனியைக் கிள்ளிய இடத்தில் இரண்டு கிளைகள் வெடிக்கும். கதிரைக் கிள்ளினால் செடியின் வலிமை இலைக்குத் திரும்பும். பெருமாளின் திருவடிக்குச் செல்லும் தளமே செடிக்கு ஆயுளைத் தருகிறது. பூஜையில் பயன்படாத துளசிதான் விரைவில் முதுமை அடைகிறது.

பறிப்பதற்கும் முறை உண்டு. இரு இலைகள் எதிரெதிராக நிற்கும் கணுவுக்குச் சற்று மேலே, விரல் நுனியால் மென்மையாகக் கிள்ள வேண்டும். கிளையை இழுத்துப் பட்டையை உரிக்கலாகாது. ஒரே நாளில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மாலைக்குப் பிறகும், துவாதசி, அமாவாசை, பௌர்ணமி, சில கிழமைகள் ஆகிய நாள்களிலும் துளசி பறிப்பதில்லை என்ற நியமம் குடும்பத்துக்குக் குடும்பம் சிறிது வேறுபடும். உங்கள் இல்லத்து வழக்கத்தையே பின்பற்றுங்கள். சாத்திரம் அதை எதனால் விதித்தது என்று ஆராய இங்கு இடமில்லை; செடிக்கு அந்நாள்கள் ஓய்வாக அமைகின்றன என்பது மட்டும் கண்கூடு. முதல் நாள் பறித்த துளசியும், உலர்ந்த துளசியும் அர்ச்சனைக்கு ஏற்றவை என்று மரபு சலுகை தந்திருப்பதால் பூஜைக்கு இடையூறு இல்லை.

பூச்சி வந்தால்

தண்டின் கணுக்களில் வெண்பஞ்சு ஒட்டியதுபோல் தென்பட்டால் அது மாவுப்பூச்சி. இலையின் மேற்புறம் வெளுத்துச் சுருங்கி, அடிப்புறத்தில் கரும்புள்ளிகள் காணப்பட்டால், கண்ணாடி போன்ற இறகுகள் கொண்ட மிகச் சிறிய பூச்சிகள் அங்கே சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். பாதித்த நுனிகளை வெட்டி அகற்றி, இலையின் அடிப்புறத்தில் படுமாறு நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும், அது நீரோடு கலப்பதற்குச் சிறிது சோப்புக் கரைசலும் சேர்த்து மாலை வேளையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் செய்தால் பெரும்பாலும் கட்டுப்படும்.

கடைகளில் கிடைக்கும் இரசாயனப் பூச்சிமருந்து துளசிக்கு ஒருபோதும் வேண்டா. ரோஜாவுக்கு அடித்தால் அது கண்ணுக்கும் மூக்குக்கும் மட்டுமே விருந்து. துளசியோ தீர்த்தப் பாத்திரத்தில் இறங்கி, நம் வீட்டுக் குழந்தையின் நாவுக்குச் செல்கிறது. வேப்பெண்ணெய் தெளித்த இலைகளையும் சில நாள் விட்டு, நன்கு கழுவிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

இரவிலும் துளசி பிராண வாயுவைப் பொழிகிறது என்று ஒரு செய்தி அடிக்கடி வலம் வருகிறது. ஒளியின்றி எந்த இலையும் அவ்வாறு செய்வதில்லை. இலவங்கத்துக்கு மணம் தரும் யூஜினால் என்னும் பொருள் துளசியிலும் உண்டு என்பது உண்மை. புனிதமானது என்று பொருள்படும் சொல்லையே மேலைநாட்டுத் தாவரவியலார் லின்னேயஸ் இதற்குப் பெயராக இட்டார் என்பதும் உண்மை. மெய்யான பெருமைகளே இவ்வளவு இருக்க, பொய்யான புகழ் துளசிக்கு எதற்கு?

வாடுவதும் மீண்டும் தளிர்ப்பதும்

எத்தனை பேணினாலும் ஒரு துளசி இரண்டு மூன்று ஆண்டுகளில் முதுமை அடையும். அது இயற்கை. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் ஆண்டாளின் இடத் திருக்கரத்தில் வீற்றிருக்கும் கிளியைச் சேவித்திருப்பீர்கள். மரவள்ளி இலையும் மாதுளம்பூவும் கொண்டு நாள்தோறும் புதிதாகக் கட்டப்படும் கிளி அது. இன்று கட்டிய கிளி நாளை வாடும். நாளை வேறொரு கிளி தாயாரின் கரத்தில் அமரும். புரட்டாசியில் திருமலை வேங்கடவனுக்கும், சித்திரையில் மதுரை கள்ளழகருக்கும் இங்கிருந்து செல்லும் ஆண்டாள் சூடிக் களைந்த மாலையும் அப்படியே. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தொடுக்கப்படுகிறது. வாடுவதைக் குறையாகக் கருதாமல், மறுநாள் மீண்டும் கட்டுவதையே தொண்டாகக் கொண்ட ஊர் அது.

நம் வீட்டிலும் அவ்வாறே ஒரு துளசி இருக்கும்போதே அடுத்த துளசியை உருவாக்கிக்கொள்ள வேண்டும். எல்லாக் கதிரையும் கிள்ளிவிடாமல், ஆண்டுக்கு இரண்டு மூன்று கதிர்களை மட்டும் விதைக்கு விடுங்கள். கதிர் பழுப்பேறியதும் வெட்டி, உள்ளங்கையில் கசக்கி ஊதினால் உமி பறந்து, கடுகினும் சிறிய விதைகள் எஞ்சும். ஒவ்வொரு பூவிதழ்க் கிண்ணத்திலும் நான்கு விதைகள் வரை இருக்கும். அவற்றைச் சிறிது மணலோடு கலந்து, அகன்ற தட்டில் நிரப்பிய ஈரமண்ணின் மேல் தூவி, மெல்லிய மண்தூளால் மூடுங்கள். ஆழப் புதைத்தால் முளைக்காது. செம்பால் ஊற்றினால் விதை ஒதுங்கிவிடும். கையால் தெளிக்க வேண்டும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவமனைக் கட்டுத்துணி போன்ற மெல்லிய துணியைத் தட்டின் மேல் கட்டிவிட்டால் குருவியும் கடுவெயிலும் அணுகா. ஒன்று இரண்டு வாரங்களில் முளை தெரியும். ஆறு இலைகள் விட்டபின் வேரோடு மண் உதிராமல் எடுத்துத் தொட்டியில் நடலாம். ஒரு சாண் உயரம் வந்ததும் முதல் நுனியைக் கிள்ளிப் பெருமாளுக்குச் சமர்ப்பியுங்கள்.

விதைக்குக் காத்திருக்க இயலாதோர், கதிர்விடாத இளங்கிளையை ஐந்து அங்குலம் வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, நீரில் நிறுத்தலாம். நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் இரண்டு வாரத்துக்குள் வேர் விடும். பட்டுப்போன பழைய செடியைக் குப்பையில் எறியாதீர்கள். அதன் தண்டில் மணி கடைந்து மாலை கோப்பவர்கள் உண்டு. அதற்கு ஆகாத சிறுகிளைகளை ஓர் மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டால் மண்ணோடு மண்ணாகும். பூமிப் பிராட்டியின் பொருள் அவளிடமே சேரும்.

தோட்டத் தொண்டு

பெரியாழ்வார் மட்டுமா? திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனம் பேணித் துளசி மாலை சாற்றினார். ராமானுஜரின் ஆணையை ஏற்று அனந்தாழ்வான் திருமலையில் குளம் வெட்டிப் பூந்தோட்டம் அமைத்தார். கருவுற்றிருந்த அவருடைய மனைவியும் மண் சுமந்தார் என்பர். தமிழகத்துக் கோயில்களில் நந்தவனத்துக்கென்று நிலம் விட்டு, அதைப் பேணுவோருக்கு வாழ்வு அமைத்த கல்வெட்டுகள் பல உண்டு. பூ தொடுப்பவர் கையைப் போலவே பாத்தி கொத்துபவர் கையும் புனிதமானது என்று கருதிய சமூகம் நம்முடையது.

ஆகவே ராஜபாளையத்துச் சகோதரிக்கும், அவரைப் போல் உள்ளுக்குள் வருந்தும் பலருக்கும் நாம் சொல்வது இதுதான். உங்கள் கைராசியில் குறையில்லை. மாடத்துக்கு ஒரு துளை குறைகிறது. இந்தப் பக்கத்தை உங்கள் மாமியாரிடம் படித்துக் காட்டுங்கள். மூத்தவர் நீர் விடும் பொறுப்பை ஏற்கட்டும். பெரிய மாமியார் விளக்கைத் தள்ளி வைக்கட்டும். நீங்கள் ஒரு களைக்கொட்டை எடுத்து, மாதம் இருமுறை செடியைச் சுற்றி மண்ணை மெல்லக் கிளறி, ஒரு பிடி மண்புழு உரம் இடுங்கள். வீட்டுப் பெரியவர்களும் மருமகளும் ஒரே செடிக்குப் பணிசெய்யும் இல்லத்தில் குறை பேசுவதற்கு நேரம் இருக்காது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். இந்த ஆடிப் பூரத்தன்று ஒரு தட்டில் துளசி விதை தூவுங்கள். பத்து முளைத்தால் ஒன்றை மாடத்தில் வைத்து, ஒன்றை உங்கள் தெருக்கோயிலின் நந்தவனத்துக்குக் கொடுத்து, எஞ்சியவற்றை அண்டை வீட்டாருக்குப் பிரசாதமாக வழங்குங்கள். கொடுக்கும்போது, "தொட்டுப் பார்த்து நீர் விடுங்கள்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த இதழில் வில்வம் வளர்க்கும் முறையைக் காண்போம்.